விரல் பட்டால் வாடும் ஆடி

கணிப்பொறித் திரையில் ஒரு படத்தை நண்பனுக்குக் காட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். "எது, இதுவா?" என்று கேட்டபடியே அவன் விரலை நீட்டித் திரையில் அழுத்துகிறான். விரலை எடுத்த பிறகும் அங்கே ஒரு பிசுபிசுத்த தடம் நிற்கிறது. "தொடாமல் காட்டக் கூடாதா?" என்று நீங்கள் எரிந்து விழுகிறீர்கள். "ஒரு விரல் பட்டால் குடியா முழுகிப் போகும்?" என்று அவன் சிரிக்கிறான்.

இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம்? தீர்ப்புச் சொல்லும் முன் ஒரு சாட்சியை விசாரிப்போம். அந்தச் சாட்சி நம் தமிழ்நாட்டிலேயே, ஜவ்வாது மலையில் இருக்கிறது. யாரும் விரலால் தொடக் கூடாத பொருள் அது. 234 செ.மீ. குறுக்களவு கொண்ட ஒரு குழியாடி.

மலைமேல் ஒரு கண்

திருப்பத்தூர் மாவட்டத்தில் ஆலங்காயத்தைத் தாண்டி மலைச்சாலையில் ஏறினால் காவலூர் வரும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 725 மீட்டர் உயரம். சாமையும் தேனும் புளியும் விளையும் மலை அது. பெரிய நகரங்களின் விளக்கொளி அதிகம் எட்டாத இருட்டான இடம் வேண்டும் என்று தேடிய வானியல் அறிஞர் வைணு பாப்பு, 1960களில் இந்த ஊரைத் தேர்ந்தெடுத்தார். முதலில் 38 செ.மீ. தொலைநோக்கி ஒன்று வந்தது. 1972இல் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் முன்னே கடந்து சென்றபோது, விண்மீனின் ஒளி விட்டு விட்டு மங்கியது. யுரேனசுக்கு வளையங்கள் உண்டு என்பது அப்படித்தான் தெரியவந்தது. அமெரிக்க விமானம் ஒன்றில் இருந்த தொலைநோக்கி அதைக் கண்டது. காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியும் அதே நிகழ்வைப் பதிவு செய்தது. ஒளி மங்கியது சில விநாடிகள்தான் என்பதை நினைவில் வையுங்கள்.

வைணு பாப்புவின் பெருங்கனவு 2.34 மீட்டர் தொலைநோக்கி. அதன் ஆடியை இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஒளியியல் கூடத்தில் ஏ. பி. ஜெயராஜன் தலைமையில் நம்மவர்களே தேய்த்து மெருகேற்றினார்கள். வேலை முடிவதற்குள், 1982 ஆகஸ்டில், பாப்பு காலமானார். 1986 ஜனவரி 6 அன்று அன்றைய பிரதமர் ராஜீவ் காந்தி தொலைநோக்கிக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். 2016இல் உத்தராகண்டின் தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி வரும்வரை, இந்தியாவின் மிகப் பெரிய ஒளியியல் தொலைநோக்கி இதுவே.

இருட்டில் நம் கண்ணின் பாவை 7 மி.மீ. அளவுக்கு விரியும். 2,340 மி.மீ. ஆடி அதைப்போல 334 மடங்கு அகலம். பரப்பு என்று பார்த்தால் 334 x 334, அதாவது 1 லட்சத்து 11 ஆயிரம் மடங்குக்கு மேல். அத்தனை மடங்கு ஒளியை அள்ளி ஒரு புள்ளியில் குவிக்கிறது இந்த ஆடி.

ஒரு கிராம் அலுமினியம்

இவ்வளவு பெரிய ஆடியில் ஒளியைத் திருப்பி அனுப்புவது எது தெரியுமா? கண்ணாடி இல்லை. கண்ணாடி வடிவத்தை மட்டும் தாங்கி நிற்கிறது. அதன் மேல் பூசப்பட்ட அலுமினியப் படலமே ஒளியை எதிரொளிக்கிறது.

வீட்டில் முகம் பார்க்கும் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கும். முன்னே இருக்கும் கண்ணாடி அதைக் காப்பாற்றும். நீங்கள் தொட்டாலும், ஈரத்துணியால் துடைத்தாலும் பூச்சுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் விண்மீன் ஒளி கண்ணாடிக்குள் நுழைந்து திரும்பினால் பிம்பம் கெடும். அதனால் தொலைநோக்கி ஆடிக்கு முன்பக்கத்திலேயே பூச்சு. அதைக் காக்க மேலே எதுவும் இல்லை.

அந்தப் பூச்சு எவ்வளவு தடிமன்? இத்தகைய ஆடிகளில் சுமார் 100 நானோமீட்டர் இருக்கும். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. உங்கள் தலைமுடி ஒன்றை எடுத்து அதன் தடிமனை 700 கூறாகப் பிளந்தால் ஒரு கூறு ஏறத்தாழ இந்த அளவு இருக்கும்.

ஒரு சிறு கணக்கு. ஆடியின் பரப்பு சுமார் 4.3 சதுர மீட்டர். அதை 100 நானோமீட்டரால் பெருக்கினால் பூச்சின் பருமன் 0.43 கன செ.மீ. அலுமினியத்தின் அடர்த்தி கன செ.மீ.க்கு 2.7 கிராம். ஆக, ஆடியின் மேல் படிந்திருக்கும் மொத்த அலுமினியம் ஒரு கிராமுக்குச் சற்றே கூடுதல்! அண்டத்தின் மூலைமுடுக்கிலிருந்து வரும் ஒளியை எல்லாம் இந்த ஒரு கிராம்தான் பிடித்துத் தருகிறது.

முகர்ந்தாலே வாடிவிடும் அனிச்ச மலரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். தொட்டாலே வாடும் இந்த ஆடியையும் அந்த இனத்தில் சேர்க்கலாம்.

விரலில் என்ன இருக்கிறது?

"நான் கையைச் சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறேனே!" என்பீர்கள். கழுவிய கையிலும் ரேகை உண்டு. ரேகையின் மேடுகளில் வரிசையாக வியர்வைத் துளைகள் உண்டு. அவற்றிலிருந்து நீர் கசிந்துகொண்டே இருக்கிறது. அந்த நீரில் உப்பு, யூரியா, லாக்டிக் அமிலம், அமினோ அமிலங்கள் சிறிதளவு கலந்திருக்கின்றன.

எண்ணெய் எங்கிருந்து வருகிறது? உள்ளங்கையிலும் விரல்நுனியிலும் எண்ணெய்ச் சுரப்பிகளே கிடையாது. ஆனால் நாம் நாள் முழுதும் நெற்றியைத் தடவுகிறோம், மூக்கைத் தொடுகிறோம், தலையைக் கோதுகிறோம். முகத்தின் எண்ணெயும் தலைக்குத் தேய்த்த எண்ணெயும் விரலுக்கு வந்து சேர்கின்றன. விரல் ஒரு பொருளில் பட்டதும் உப்புநீரும் எண்ணெயும் சேர்ந்து ரேகையின் அச்சாகப் பதிகின்றன. குற்றவாளியைப் பிடிக்கக் காவல் துறைக்கு உதவுவதும் இதே அச்சுத்தான். உலகின் முதல் விரல்ரேகைப் பதிவகங்களுள் ஒன்று 1897இல் கல்கத்தாவில் தொடங்கியது. அதற்கான வகைப்பாட்டு முறையை உருவாக்கியதில் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரு இந்தியர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இனி அலுமினியத்துக்கு வருவோம். "அலுமினியப் பாத்திரத்தில் புளிக்குழம்பை வைக்காதே" என்று பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வைத்தால் பாத்திரத்தில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். ஏன்? காற்றுப் பட்டதும் அலுமினியம் தன்மேல் ஆக்சைடு என்ற மெல்லிய சட்டையைப் போட்டுக்கொள்கிறது. சில நானோமீட்டர் தடிமனே உள்ள அந்தச் சட்டைதான் அதைத் துருவிலிருந்து காக்கிறது. உப்பில் இருக்கும் குளோரைடு அயனிகள் சட்டையில் ஓட்டை போடுகின்றன. புளியின் அமிலமும் சேர்ந்துகொண்டால் அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும்.

பாத்திரத்தின் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம். எனவே அதில் ஒரு குழி விழுந்தால் பாதகமில்லை. ஆடியின் பூச்சோ அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. விரல் பட்ட இடத்தில் உப்பும் லாக்டிக் அமிலமும் தங்குகின்றன. காற்றின் ஈரம் அவற்றைக் கரைசலாகவே வைத்திருக்கிறது. நாளடைவில் ரேகையின் வடிவத்திலேயே பூச்சு அரிக்கப்பட்டுப் போகும். பிறகு என்ன துடைத்தாலும் அது போகாது.

ஒரு ரேகை எவ்வளவு ஒளியைத் தின்னும்?

உங்கள் நண்பனுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுப்போம். ஒரு விரல்தடம் சுமார் 3 சதுர செ.மீ. என்று கொள்வோம். ஆடியின் பரப்பு சுமார் 43,000 சதுர செ.மீ. ஆக, தடம் மறைப்பது பதினாலாயிரத்தில் ஒரு பங்குதான். அந்த இடத்தில் ஒளி அடியோடு போய்விட்டாலும், எந்த விண்மீனும் கண்ணுக்குத் தெரியும்படி மங்காது. இந்த அளவில் நண்பன் சொல்வது சரியே.

ஆனால் கணக்கு அங்கே முடிவதில்லை. அழுக்கு ஒளியைத் தின்பதோடு நிற்காமல் அதைச் சிதறவும் அடிக்கிறது. இரவில் பேருந்தின் முன்கண்ணாடியில் தூசியும் பிசுக்கும் இருந்தால் என்ன ஆகிறது? எதிரே வரும் லாரியின் விளக்கொளி கண்ணாடி முழுதும் பரவி, பாதையோரம் நடப்பவரை மறைத்துவிடுகிறது. கண்ணாடி மறைத்த ஒளி அற்பம். அது சிதறடித்த ஒளியே ஆபத்து. வானிலும் அப்படித்தான். பிரகாசமான விண்மீனின் ஒளி ஆடியின் அழுக்கில் சிதறினால், பக்கத்தில் இருக்கும் மங்கலான விண்மீன் அந்த மூட்டத்தில் முழுகிவிடும்.

இன்னொன்று: ஒரு விரலோடு நிற்பதில்லையே! ஒரு ரேகை, பல மாதத் தூசி, பனியின் ஈரம், பூச்சிகளின் எச்சம் எல்லாம் கூடிக்கொண்டே போகும். புதிதாக அலுமினியம் பூசிய ஆடி, விழும் ஒளியில் சுமார் 90 விழுக்காட்டைத் திருப்பும். தொலைநோக்கியில் ஒளி முதன்மை ஆடியிலும் துணை ஆடியிலுமாக இருமுறை பட்டுத் திரும்புகிறது என்றால், 0.9 x 0.9 = 0.81. அதாவது 81 விழுக்காடு வந்து சேரும். அழுக்கால் இரண்டு ஆடிகளும் 80 விழுக்காட்டுக்கு இறங்கினால், 0.8 x 0.8 = 0.64. முன்பு 60 நிமிடத்தில் சேர்த்த ஒளியைச் சேர்க்க இப்போது 76 நிமிடம் ஆகும். தெளிந்த வானம் உள்ள இரவு ஒவ்வொன்றுக்கும் வானியலார் காத்துக் கிடக்கிறார்கள். ஒவ்வொரு மணி நேர வேலைக்கும் 16 நிமிடம் கூடுதலாகச் செலவாவதை அவர்களால் எப்படிப் பொறுக்க முடியும்? யுரேனஸ் வளையம் போலச் சில விநாடிகளில் முடிந்துவிடும் நிகழ்ச்சி என்றால், கூடுதல் நிமிடம் கேட்டுப் பெறவும் முடியாது.

ஆடிக்குக் குளியல்

தூசி படிந்தால் துணியால் துடைத்துவிடலாமே? கூடவே கூடாது. தூசியில் மணல் உண்டு. மணல் அலுமினியத்தைவிடக் கடினம். உலர்ந்த துணியால் துடைப்பது பூச்சின்மேல் உப்புத்தாள் தேய்ப்பது போல. எனவே பல ஆய்வுக்கூடங்களில், கரியமில வாயுவை மென்மையான பனித்தூளாக ஆடியின்மேல் பீய்ச்சுகிறார்கள். பனித்தூள் தூசியைத் தள்ளிக்கொண்டு போய், ஆவியாகி மறைந்துவிடும். தேவைப்பட்டால் தூய நீரும் மென்மையான சோப்பும் கொண்டு அழுத்தாமல் கழுவுவதும் உண்டு.

இவை எதற்கும் மசியாத நிலை வந்தால் பழைய பூச்சையே எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். டன் கணக்கில் எடையுள்ள ஆடியைத் தொலைநோக்கியிலிருந்து கழற்றி, பளுதூக்கியால் மெல்ல இறக்குகிறார்கள். எரிசோடா போன்ற காரக் கரைசல் பழைய அலுமினியத்தைக் கரைத்துவிடும். பிறகு வாலைவடிநீரால் கழுவி, ஒரு பிசுக்கும் இல்லாமல் உலர்த்தி, பெரிய வெற்றிடத் தொட்டிக்குள் வைத்து மூடுகிறார்கள். காற்றை வெளியேற்றிய பின், டங்ஸ்டன் இழைகளில் மாட்டிய அலுமினியத் துண்டுகளை மின்சாரத்தால் சூடாக்கினால் அலுமினியம் ஆவியாகும். வழிமறிக்கக் காற்று இல்லாததால் அணுக்கள் நேர்கோட்டில் பறந்து வந்து ஆடியில் படியும். அவ்வளவுதான், புதிய முகம்!

இம்முறையை 1930களில் அமெரிக்க அறிஞர் ஜான் ஸ்ட்ராங் தொலைநோக்கி ஆடிகளுக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் வெள்ளி பூசினார்கள். வெள்ளி சீக்கிரம் கறுத்துவிடும். பலோமர் மலையின் 200 அங்குல ஆடிக்கு முதன்முறை அலுமினியம் பூசுவதற்கு முன், ஸ்ட்ராங் அதன்மேல் தலைக்குத் தடவும் கிரீமைத் தேய்க்கச் சொன்னாராம்! திட்டுத் திட்டாக இருக்கும் கைப்பிசுக்கைவிட, எங்கும் ஒரே சீரான பிசுக்கை நீக்குவது எளிது என்பது அவர் கணக்கு. தேய்த்துத் துடைத்தபின் எஞ்சிய மெல்லிய படலத்தைத் தொட்டிக்குள் மின்னிறக்கம் எரித்துவிடும்.

லென்சில் தடம் ஏன் பளிச்சென்று தெரிகிறது?

இருகண் நோக்கி அல்லது புகைப்படக் கருவியின் லென்சைச் சாய்த்துப் பாருங்கள். ஊதா நிறத்தில் மினுக்கும். வெறும் கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் விழும் ஒளியில் 4 விழுக்காட்டை எதிரொளித்து வீணாக்குகிறது. அதைக் குறைக்க மெக்னீசியம் புளூரைடு போன்ற பொருளை மெல்லிய படலமாகப் பூசுகிறார்கள். படலத்தின் தடிமன் ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு இருக்குமாறு அமைப்பார்கள். படலத்தின் மேற்பரப்பிலிருந்தும் அடிப்பரப்பிலிருந்தும் திரும்பும் இரு அலைகள் ஒன்றை ஒன்று அழித்துக்கொள்கின்றன.

அங்கே ஒரு விரல் பட்டால்? எண்ணெயின் ஒளிவிலகல் எண் கண்ணாடியை நெருங்கியது. காற்று இருந்த இடத்தில் எண்ணெய் அமர்ந்ததும் அந்த நுட்பமான கணக்குக் குலைந்து, அந்த இடம் மட்டும் வேறு நிறத்தில் மின்னும். பூச்சு உள்ள மூக்குக் கண்ணாடியிலும் திரையிலும் விரல்தடம் அத்தனை பளிச்சென்று தெரிவதற்கு இது ஒரு காரணம். தடத்தை அப்படியே விட்டு, லென்சை ஈரமான பெட்டியில் வைத்தால் இன்னொரு தொல்லை. பூஞ்சைக் காளானுக்கு விரல்பிசுக்கு நல்ல விருந்து. அது வளர்ந்து கண்ணாடியையே அரித்துவிடும்.

இனி உங்கள் திரை

கணிப்பொறித் திரை தொலைநோக்கி ஆடி அளவுக்கு மென்மையானது இல்லை. ஆனால் அதற்கும் தொல்லை உண்டு. பழைய படக்குழாய்த் திரைகளின் முகப்பு தடித்த கண்ணாடி. உள்ளே இருந்த உயர் மின்னழுத்தத்தால் அவை தூசியை இழுத்துக்கொண்டன. மற்றபடி விரலைத் தாங்கின. இன்றைய நீர்மப் படிகத் திரைகள் பலவற்றின் மேற்பரப்பில் கண்ணாடி இல்லை. முனைவாக்கி என்ற பிளாஸ்டிக் படலம்தான் இருக்கிறது. விரலால் அழுத்தினால் நிற அலைகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே அடுக்கி வைத்த படிக மூலக்கூறுகளின் வரிசை குலைகிறது என்பதே அதன் பொருள். மெல்ல அழுத்தினால் மீண்டும் வரிசைக்கு வந்துவிடும். பலமாக அழுத்தினால் நிரந்தரமான புள்ளி விழலாம்.

"கைப்பேசித் திரையை மட்டும் நாளெல்லாம் தொடுகிறோமே?" அது தொடுவதற்கென்றே செய்தது. மேலே வலுவேற்றிய கண்ணாடி. அதன்மேல் எண்ணெய் ஒட்டாமல் நழுவச் செய்யும் புளூரின் சேர்மப் பூச்சு. அந்தப் பூச்சும் நாள்பட்டால் தேய்ந்துவிடும். பழைய கைப்பேசியில் தடம் அதிகம் ஒட்டுவது அதனால்தான்.

இன்று வானியலார் கண்ணை நேரே தொலைநோக்கியில் வைத்துப் பார்ப்பது அரிது. மின்னணுக் கருவி ஒளியைப் பதிவு செய்ய, அவர்கள் திரைமுன் அமர்ந்து படத்தை ஆராய்கிறார்கள். தொலைவில் உள்ள அண்டம் திரையில் எப்படித் தெரியும்? சாம்பல் நிறத்தில் ஒரு மங்கிய தீற்றல். ஒரு விரல்தடமும் அதே போலத்தான் தெரியும்! படத்தை நகர்த்தினால் அண்டம் நகரும், விரல்தடம் நகராது. ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் இப்படிச் சோதித்துக்கொண்டிருக்க யாருக்குப் பொழுது இருக்கிறது?

செய்து பாருங்கள்

1. கழுவி உலர்த்திய கண்ணாடித் தம்ளரில் விரலைப் பதியுங்கள். இருட்டறையில் நேராகப் பார்த்தால் தடம் சரியாகத் தெரியாது. கைவிளக்கைப் பக்கவாட்டில் பிடியுங்கள். ரேகை வெள்ளிக் கோடுகளாக ஒளிரும். நீங்கள் காண்பது சிதறிய ஒளி.

2. அதே தடத்தின்மேல் வாயால் ஊதுங்கள். நீராவி எண்ணெய் உள்ள இடத்தில் ஒரு விதமாகவும் இல்லாத இடத்தில் வேறு விதமாகவும் படிந்து, ரேகையின் படத்தைக் காட்டும்.

3. கைப்பேசித் திரையில் வெள்ளைப் படம் ஒன்றை வைத்து, ஊசிமுனை அளவு நீர்த்துளி ஒன்றை இட்டு உற்றுப் பாருங்கள். துளி லென்சாகி, வெள்ளைக்குள் ஒளிந்திருக்கும் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளைக் காட்டும். திரையில் ஒட்டிய பிசுக்குத் துளிகளும் இதையே செய்கின்றன. உடனே துடைத்துவிடுங்கள்.

திரையைத் துடைக்கும் முறையும் தெரிந்திருக்க வேண்டும். மின்சாரத்தை அணைத்துவிடுங்கள். முதலில் தூசியை ஊதியோ மெல்லிய தூரிகையாலோ அகற்றுங்கள். பிறகு நுண்ணிழைத் துணியை வாலைவடிநீரில் லேசாக நனைத்து, அழுத்தாமல் துடையுங்கள். நீரைத் திரையின்மேல் நேரே தெளிக்காதீர்கள். அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பு நீர்மத்தைப் பிளாஸ்டிக் திரையில் பயன்படுத்தாதீர்கள். சட்டை நுனியும் வேண்டாம். அதில் ஒட்டிய மணல் கீறிவிடும்.

தீர்ப்பு

வழக்குக்கு வருவோம். ஒரே ஒரு விரல் பட்டால் குடி முழுகாது என்ற நண்பனின் வாதத்தை ஏற்கலாம். ஆனால் அந்தத் திரை முன் நாற்பது மாணவர்கள் உட்காருகிறார்கள். ஆளுக்கு ஒரு விரல் என்றால் ஒரு நாளில் நாற்பது தடம். தடத்தை நீக்கத் துடைக்க வேண்டும். துடைக்கத் துடைக்கப் பூச்சுத் தேயும். அது பொதுச் சொத்து. அடுத்த ஆண்டு வரும் தம்பி தங்கைகளுக்கும் அது தெளிவாகத் தெரிய வேண்டும்.

திரையில் எதையாவது காட்ட வேண்டுமானால் சுட்டெலியின் அம்புக்குறி இருக்கிறது. அது கைக்கு எட்டாவிட்டால் விரலை ஒரு சாண் தள்ளி நிறுத்திச் சுட்டுங்கள். "மேலிருந்து மூன்றாவது வரி, இடப்பக்கம்" என்று வாயால் சொல்லுங்கள். இடத்தைத் துல்லியமாகச் சொல்லப் பழகுவதும் அறிவியல் பயிற்சியே. வானில் விண்மீனைத் தொட்டுக் காட்ட முடியாததால்தான் வானியலார் வானத்துக்கே கோடு கிழித்து, ஒவ்வொரு விண்மீனுக்கும் எண்ணால் முகவரி எழுதினார்கள்.

ஜவ்வாது மலைப் பக்கம் போகும் வாய்ப்புக் கிடைத்தால், பார்வையாளர்களை அனுமதிக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு காவலூருக்குச் சென்று வாருங்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கண்ணால் எவ்வளவு வேண்டுமானாலும் தொட்டுப் பாருங்கள்!